கோணல்மாணலான ஹோலில் சாமான்களை எப்படி ஒதுக்குவது? கொழும்பு வீடுகளுக்கான கேள்வி பதில்

கொழும்பில் வீடு மாறும் எல்லாருக்கும் வருகிற பிரச்சினை இது. அறைகள் ஓரளவு சதுரமாக இருக்கும். ஹோலுக்கு வந்தால் மட்டும் ஒரு மூலை வெட்டுப்பட்டிருக்கும், நடுவில் தூண் நிற்கும், நாலு சுவரிலும் கதவு இருக்கும். தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். அளவுகளை அடியிலும் அங்குலத்திலும் சொல்கிறேன், நம்முடைய தச்சு பாஸ்மாரோடு கதைக்க அதுதான் வசதி.

ஹோல் ஏன் இப்படி ஒரு வடிவத்தில் வருகிறது? கட்டினவர்களுக்குத் தெரியாதா?

தெரியும், ஆனால் அவர்களுடைய கணக்கு வேறு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்குகிற ஒழுங்கைகளைப் பாருங்கள். காணிகள் பல ஒடுக்கமும் நீளமுமானவை. ஒரு பேர்ச் 272¼ சதுர அடி, பழைய ஒற்றை வீட்டுக்காணி சில பேர்ச்சஸ்தான், அதில் பல மாடி எழும்புகிறது. கீழ்த்தளத்தில் கார் விட வேண்டும் என்பதால் தூண்கள் கார் நுழைகிற கணக்குக்கு நிறுத்தப்படுகின்றன, அதே தூண்கள் மேலே உங்கள் ஹோலுக்குள் மூக்கை நீட்டுகின்றன. படுக்கையறை எத்தனை என்பதை வைத்துத்தான் வீடு விலைபோகிறது, ஆகவே அறைகளுக்கு நல்ல சதுரம் கொடுத்துவிட்டு மிஞ்சினதை ஹோல் என்று விட்டுவிடுகிறார்கள். கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீடுகளில் கதை வேறு. அங்கே விறாந்தையையும் முற்றத்தையும் பிறகு மூடி உள்ளே சேர்த்திருப்பார்கள், அல்லது ஒரு வீட்டை அண்ணன் தம்பி இரண்டாகப் பிரித்திருப்பார்கள். எது எப்படியோ, சுவரை இனி நகர்த்த முடியாது, கதிரையை நகர்த்தலாம்.

எங்கிருந்து தொடங்க வேண்டும்? முதலில் டிவியா செட்டியா (சோபாவா)?

இரண்டும் இல்லை, முதலில் நடைவழி. வாசல் கதவிலிருந்து குசினிக்கு, குசினியிலிருந்து பெல்கனிக்கு, அறைகளிலிருந்து குளியலறைக்கு ஆக்கள் எப்படி நடக்கிறார்கள் என்று ஒருநாள் கவனியுங்கள். அந்தக் கோடுகளை நிலத்தில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள், டேப் இல்லாவிட்டால் பழைய பத்திரிகைத் தாளை விரிக்கலாம். எல்லாரும் போய்வருகிற பெரிய வழிக்கு 3 அடி வேண்டும், ஒருவர் இடைக்கிடை போகிற வழிக்கு 2½ அடி, மிக நெருக்கடியான இடத்தில் 2 அடி. அதற்கும் குறைந்தால் சாப்பாட்டுத் தட்டோடு பக்கவாட்டில்தான் நடக்க வேண்டிவரும். இந்த வழிகளை ஒதுக்கின பிறகு எஞ்சுகிற தீவுகள்தான் உங்கள் உண்மையான ஹோல். பெரும்பாலும் அவை நேர்த்தியான செவ்வகங்களாகவே இருக்கும், கோணல் முழுவதும் வழிக்குள் போய்விடும்.

வரைந்து பார்க்க விருப்பமானவர்கள் பிள்ளைகளின் சதுர றூள் கொப்பியில் ஒரு கட்டத்தை அரை அடி என்று வைத்து வரையலாம். அளவு நாடா கையில் இல்லாத நேரம், உதாரணமாக வாடகை வீடு பார்க்கப் போன இடத்தில், தரை ஓட்டை எண்ணுங்கள். இப்போதைய பிளாட்களில் அதிகம் பதிக்கப்படுகிற பெரிய ஓடு 60 சென்ரிமீட்டர், அதாவது 2 அடிக்கு ஒரு பொட்டு குறைவு.

எங்களிடம் மூன்று-ஒன்று-ஒன்று செட்டி இருக்கிறது. எப்படிப் போட்டாலும் பொருந்தவில்லை.

பொருந்தாது. அந்த செட் நாலு சுவரும் ஒழுங்காக இருக்கிற, மூன்று பக்கமும் சாய்த்துப் போடக்கூடிய ஹோலுக்குச் செய்தது. கோணலான ஹோலில் அது இருக்கிற கரைச்சலை இரண்டு மடங்காக்குகிறது. என்னுடைய முதல் ஆலோசனை எப்போதும் இதுதான்: செட்டைப் பிரியுங்கள். மூன்றுபேர் செட்டி ஹோலில் நிற்கட்டும், ஒற்றைக் கதிரை ஒன்று பெல்கனி யன்னலோரம் போகட்டும், மற்றது படுக்கையறைக்கு. ஒன்றாக வாங்கினதை ஒன்றாகத்தான் போட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. அம்மாமார் கேட்பார்கள், செட்டைப் பிரித்தால் வடிவாக இருக்குமா என்று. குஷன் உறையை ஒரே துணியில் தைத்துப் போட்டால் பிரிந்தது தெரியாது. புறக்கோட்டை கெய்சர் வீதியில் துணி எடுத்து உள்ளூர்த் தையல்காரரிடம் கொடுத்தால் புதுச் செட்டியின் விலையில் ஒரு சின்னப் பங்கோடு வேலை முடியும்.

இன்னும் புதிதாக வாங்கப் போகிறவர்கள் ஒரு இரண்டுபேர் செட்டியும் கைபிடி இல்லாத இரண்டு இலேசான கதிரையும் வாங்குங்கள். தூக்கி நகர்த்தக்கூடியதுதான் கோணல் ஹோலுக்குப் பெறுமதி.

ஹோல் நீளமாக, ஒடுங்கி, ரயில் பெட்டி மாதிரி இருக்கிறது. 9 அடி அகலம், 22 அடி நீளம். ஒரு முனையில் வாசல், மற்ற முனையில் பெல்கனி, நடுவில் குசினிக் கதவு.

வெள்ளவத்தையில் நான் அதிகம் பார்த்த வடிவம் இதுதான், அதனால் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். 9 அடி என்றால் 108 அங்குலம். செட்டியின் ஆழம் ஏறத்தாழ 34, எதிரே டிவி மேசை 16. இரண்டையும் கழித்தால் 58 மிஞ்சும். அதில் நடைவழிக்கு 36 போனால் 22 அங்குலம். அதற்குள் நடு மேசை வைக்க முடியாது, ஏனென்றால் மேசைக்கே 18 வேண்டும், செட்டிக்கும் மேசைக்கும் இடையில் முழங்காலுக்கு 16 வேண்டும். பலபேர் இந்த இடத்தில் மேசையை நெருக்கி வைத்து, வழியை விழுங்கி, பிறகு தினமும் சின்னவிரலை இடித்துக்கொள்கிறார்கள்.

இப்போது டிவி மேசையைத் தூக்கிவிட்டு டிவியைச் சுவரில் பூட்டுங்கள். அது எடுப்பது 4 அங்குலம். மிஞ்சுவது 70. மேசைக்கும் முழங்காலுக்கும் 34, வழிக்கு 36. சரியாக அடைகிறது. சுவரில் பூட்ட முடியாவிட்டால் நடு மேசையை மறந்துவிட்டு, செட்டியின் பக்கத்தில் தேநீர்க் கோப்பை வைக்க ஒரு ஸ்டூலோடு நிறுத்துங்கள்.

இன்னொரு வழி, எனக்குப் பிடித்தது: செட்டியை நீளச் சுவரில் சாய்க்காமல் குறுக்கே போடுவது. 6 அடி செட்டியைக் குறுக்கே போட்டால் பக்கத்தில் 3 அடி வழி கிடைக்கும். செட்டியின் முதுகுக்குப் பின்னால் சாப்பாட்டு மேசை, முன்னால் பெல்கனிப் பக்கம் ஆக்கள் இருந்து கதைக்கிற இடம். நீளம் இரண்டாக உடைந்தவுடனே ஹோல் அகலமாகத் தெரியத் தொடங்கும். ஒரு நிபந்தனை, செட்டியின் முதுகு பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். சில செட்டிகளுக்குப் பின்னால் வெறும் கறுப்புத் துணிதான் ஆணியடித்திருப்பார்கள்.

வாசலும் பெல்கனிக் கதவும் ஒரே பக்கச் சுவரோரம் இருந்தால் வழி நேராகப் போகும், அதிர்ஷ்டம். எதிரெதிர்ப் பக்கம் என்றால் வழி மூலைக்கு மூலை ஓடி ஹோலை இரண்டு முக்கோணமாக்கிவிடும். அதை விடாதீர்கள். வழியை ஒரே ஒரு இடத்தில், சாப்பாட்டு மேசைக்கும் செட்டிக்கும் இடையில் வளைய வையுங்கள். செட்டி போடுகிற இடத்தைக் கொண்டே அதைச் செய்யலாம்.

சாப்பாட்டு மேசையைச் சுவரோடு ஒட்டுங்கள். 30 அங்குல மேசை, கதிரையை இழுத்து எழும்ப இன்னும் 30, மிச்சம் 48 அங்குலம் வழி. ஆறுபேர் வருகிற நாளில் மேசையை நடுவுக்கு இழுத்தால் போதும். வருசத்தில் நாலு தரம் வருகிற ஆறுபேருக்காக மிச்ச நாள் முழுவதும் இடுக்கில் நடக்கத் தேவையில்லை.

மூலையில் தூண் ஒரு அடி துருத்திக்கொண்டு நிற்கிறது.

இரண்டு தூணுக்கு இடையில் சுவர் உள்வாங்கி இருக்குமே, அந்தக் குழிதான் உங்கள் சொத்து. தூணின் ஆழத்துக்குச் சரியாக ஒரு புத்தகத் தட்டோ மூடுகிற அலுமாரியோ செய்வித்தால் சுவர் நேராகிவிடும், தூணும் காணாமல் போகும். கடையில் வாங்கின அலுமாரி அங்குலக் கணக்கில் துருத்தும், இதற்கு மட்டும் பாஸைக் கூப்பிட்டு அளவெடுப்பதுதான் சரி. அளவெடுக்கும்போது கீழே, நடுவில், மேலே என்று மூன்று இடத்தில் எடுக்கச் சொல்லுங்கள். கொங்கிரீட் தூணும் செங்கல் சுவரும் எங்குமே முழு நேராக இருப்பதில்லை.

ஒரு தூண் மட்டும் தனியாக நின்றால் அதன் பக்கத்தில் எதையும் நெருக்க வேண்டாம். ஒரு உயரமான செடிச்சட்டி, அல்லது சுவர் மின்விசிறி, அவ்வளவுதான்.

ஒரு சுவர் சரிந்து போகிறது. செட்டியை அந்தச் சுவரோடு போடுவதா, மற்றச் சுவர்களுக்கு நேராகப் போடுவதா?

ஹோலில் எது மிக நீளமான நேர்ச்சுவரோ அதற்குக் கட்டுப்படுங்கள். எல்லாச் சாமானும் அதற்குச் சமாந்தரம். சரிந்த சுவரோடு செட்டியைப் போட்டால், உள்ளே வருகிறவர் கண்ணுக்கு முழு ஹோலும் சரிந்ததாகத் தெரியும். செட்டியின் பின்னால் ஒரு முக்கோண இடைவெளி வருமே என்றால், வரட்டும். உடுப்பு ஸ்திரி போடுகிற பலகை, மடக்குக் கதிரை, உடுப்புக் காயப்போடுகிற ஸ்டாண்ட், எல்லாம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். மழைக்காலத்தில் பெல்கனியில் உடுப்புக் காயாத ஊரில் அந்த ஸ்டாண்டை ஒளிக்க ஒரு இடம் கிடைப்பது பெரிய விசயம்.

எல் வடிவ ஹோலுக்கு எல் வடிவ செட்டிதானே பொருத்தம்?

பெயர் பொருந்துகிறது. மற்றபடி சந்தேகம்தான். எல் வடிவ ஹோலின் குட்டைக் கையில் சாப்பாட்டு மேசையையோ பிள்ளைகளின் படிப்பு மேசையையோ வைத்துவிட்டால் மிச்சம் சாதாரணச் செவ்வகம். மூலைச் செட்டி வாங்கினால் அது வலக்கையா இடக்கையா என்று முடிவெடுக்க வேண்டும், அடுத்த வீட்டுக்கு மாறும்போது அதுவே எதிர்ப்பக்கமாகிவிடும். சொந்த வீடென்றால் யோசிக்கலாம், வாடகை வீட்டுக்காரருக்கு வேண்டாம்.

நாலு சுவரிலும் கதவு. சாய்த்து வைக்கச் சுவரே இல்லை.

முதலில் எந்தக் கதவு உண்மையில் தேவை என்று பாருங்கள். ஹோலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் எப்போதும் திறந்தே கிடக்கிற கதவுப் பலகை ஒன்று பல வீடுகளில் உண்டு. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுப் பிணைச்சலிலிருந்து கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வையுங்கள், ஒரு சுவர்த் துண்டு உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். பிணைச்சலின் ஆணிகளை ஒரு பையில் போட்டு கதவோடேயே ஒட்டிவையுங்கள், போகும்போது தேடத் தேவையில்லை.

பிறகு எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். வழிகள் சுவரோரம் ஓடட்டும், செட்டியும் கதிரையும் நடுவில் ஒரு கார்பெட்டைச் சுற்றி நிற்கட்டும். கார்பெட் பெரிதாக இருக்க வேண்டும், செட்டியின் முன்கால்களாவது அதன் மேல் ஏற வேண்டும், இல்லாவிட்டால் அது கால்மிதி போலக் கிடக்கும். கதிரைக்கும் சின்ன மேசைக்கும் சில்லுப் பூட்டலாம். பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் தேடுங்கள், பூட்டுப் போடக்கூடிய சில்லாகக் கேட்டு வாங்குங்கள்.

டிவியை எங்கே வைத்தாலும் பின்னேரத்தில் வெயில் அடிக்கிறது.

கடல் மேற்கில், பெல்கனியும் மேற்கில், ஆகவே பின்னேர வெயில் நேராக ஹோலுக்குள் வரும். டிவியை பெல்கனிக் கதவுக்கு எதிரே வைத்தால் திரையில் கடல் தெரியும், கதவுப் பக்கம் வைத்தால் உங்கள் கண் கூசும். கதவுக்குச் செங்கோணத்தில் இருக்கிற சுவர்தான் இடம். ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது, ஏப்ரல் முதற்கிழமையிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் அது வடமேற்கிலிருந்து அடிக்கும், டிசம்பரில் தென்மேற்கிலிருந்து. ஜூனில் நிழலாக இருந்த சுவர் டிசம்பரில் வெளுக்கும்.

தூரத்துக்குத் திரை அளவை ஒன்றரையால் பெருக்குங்கள். 43 அங்குலத்துக்கு ஏறத்தாழ 5½ அடி, 55 அங்குலத்துக்கு 7 அடி. திரையின் நடு, இருக்கிறவர் கண் மட்டத்துக்கு வர வேண்டும், நிலத்திலிருந்து 40, 42 அங்குலம். கலியாண மண்டபம் போல முகட்டில் தூக்கி மாட்டாதீர்கள், கழுத்துத்தான் நோகும். அப்புறம் பிளக். பழைய பிளாட்களில் உருண்டை முள் பிளக் ஒரு மூலையில் மட்டும் இருக்கும், புதுச் சாமான் சதுர முள்ளோடு வரும். நடைவழிக்குக் குறுக்கே வயர் இழுக்காமல், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுவரோரம் கேசிங்கில் ஒரு புது பிளக் இழுப்பியுங்கள்.

சாமித்தட்டுக்குத் தனி அறை இல்லை. ஹோலில் எங்கே வைப்பது?

கிழக்குப் பார்த்து, கால் படாத மூலையில், குளியலறைச் சுவரில் ஒட்டாமல். இவை எல்லாருக்கும் தெரிந்தவை. யோசிக்க மறப்பது மின்விசிறியையும் திரைச்சீலையையும். விளக்கு ஏற்றுகிற இடத்துக்கு ஃபேன் காற்று வந்தால் ஒன்றில் விளக்கு நூரும், அல்லது சுடர் சாய்ந்து பக்கத்தில் இருப்பதைப் பிடிக்கும். திரைச்சீலையிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளி வையுங்கள். தட்டுக்கு மேலே இன்னொரு பலகைத் தட்டு வேண்டாம், புகைக்கரி பிடிக்கும், சூடும் ஏறும். கீழே ஒரு சின்ன இழுப்பறை இருந்தால் எண்ணெய், திரி, கற்பூரம், நெருப்புப்பெட்டி எல்லாம் அதற்குள் போய்விடும். நவராத்திரிக்குக் கும்பம் வைக்க முன்னால் 3 அடி சதுரம் வெறுமையாக வருமா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாஸ்துப்படி செட்டி தென்மேற்கில் இருக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் தென்மேற்கில் குளியலறை.

நம்பிக்கை இருந்தால் ஆக்கள் இருக்கிற திசையைப் பாருங்கள், பாரமான அலுமாரியைத் தெற்கு மேற்குப் பக்கச் சுவரில் சேருங்கள், அதோடு விட்டுவிடுங்கள். வழியை அடைத்துத் திசையைப் பிடிக்க வேண்டாம்.

ஊரிலிருந்து ஆக்கள் வந்தால் ஹோலில்தான் படுக்க வேண்டும். அதற்கு இடம் விட வேண்டுமா?

கட்டாயம். விசா, பாஸ்போர்ட், ஆஸ்பத்திரி, விமான நிலையம் என்று யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ யாராவது வந்துகொண்டே இருக்கிற ஊர் இது. 3 அடி அகல மெத்தை இரண்டு பக்கத்தில் பக்கத்தில் போட 6 அடிக்கு 6 அடி வேண்டும். நடு மேசையைத் தூக்கி ஓரம் வைத்தால் அந்த இடம் வருகிறதா என்று அளந்து பாருங்கள். இதனால்தான் கண்ணாடி போட்ட பாரமான நடு மேசைக்கு நான் எதிரி. செட்டி-கட்டில் வாங்கலாமா என்று கேட்பார்கள். விரித்தால் வழி அடைபடும், இரவில் குளியலறைக்குப் போகிற பெரியவர் இடறுவார், அதோடு சாதாரண செட்டியைவிடப் பாரம். மடிக்கிற மெத்தையைக் கட்டிலுக்குக் கீழே வைப்பது மேல்.

கடற்கரைப் பக்கம் வீடு. எந்தச் சாமான் தாங்கும்?

மரைன் டிரைவுக்குக் கிட்ட என்றால் உப்புக்காற்று இரும்பை விடாது. பூச்சுப் பூசின இரும்புக் கால்கூட திருகாணி போகிற இடத்தில் முதலில் துருப்பிடிக்கும், ஒருமுறை குனிந்து பார்த்தால் தெரியும், ஆணித் தலையைச் சுற்றி மண்ணிற வளையம். மரம், அலுமினியம், பிரம்பு நல்லது. தேக்கும் முதிரையும் நிற்கும், மஹோகனியும் பரவாயில்லை. எம்டிஎஃப், துகள் பலகை எல்லாம் தண்ணீர் பட்ட இடத்தில் ஊதிவிடும், நிலம் துடைக்கிற தண்ணீர் போதும், ஆகவே கால் வைத்தது வாங்குங்கள். தோல் மாதிரி இருக்கிற ரெக்சின் செட்டி இந்த ஈரப்பதத்துக்குச் சில வருசத்தில் செதில் செதிலாக உரியும், வியர்வையில் ஒட்டவும் செய்யும். துணிதான் சரி. எந்தச் சாமானையும் சுவரோடு முழுதாக ஒட்டாமல் 2 அங்குலம் விடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கத்து யன்னலால்தான் வரும். அதற்கு முன்னால் உயரமான அலுமாரியை நிறுத்திவிட்டு ஏசி பில்லைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாங்கின செட்டி லிஃப்டுக்குள் போகவில்லை.

செட்டி வாங்க மொரட்டுவைத் தச்சுக்கடைகளுக்குப் போவதற்கு முன்னால் ஹோலை அளந்தால் மட்டும் போதாது. லிஃப்ட் கதவின் அகலம், உள்ளே உயரம், படிக்கட்டுத் திருப்பம், வாசல் நிலை, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள். செட்டியை நிமிர்த்தினால் லிஃப்டின் உயரத்துக்குள் நிற்க வேண்டும். கால் கழற்றக்கூடியதா, கைபிடி கழருமா என்று கேளுங்கள். மொரட்டுவையில் செய்வித்து வாங்குவதில் உள்ள நன்மையே இதுதான், இரண்டு துண்டாகச் செய்து வீட்டில் வைத்து போல்ட் போடச் சொல்லலாம்.

பழைய பெரிய செட்டியை என்ன செய்வது?

சட்டம் தேக்கோ முதிரையோ என்றால் விற்காதீர்கள், மூன்றுபேர் செட்டியை இரண்டுபேருக்கு வெட்டிச் சுருக்கித் தர பாஸ் ஒருவரைப் பிடியுங்கள். பஞ்சும் துணியும் மாற்றினால் புதிது. மலிவான பலகைச் சட்டம் என்றால் இக்மன் விளம்பர இணையத்தளத்தில் படம் போட்டு விற்றுவிடலாம். பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், நீளம் ஆழம் எழுதுங்கள், எத்தனையாம் மாடி, லிஃப்ட் உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வாங்க வருகிறவர் பட்டா லொறியோடு (சின்ன லொறி) இறக்குவதற்கு ஆக்களையும் கூட்டிவருவாரா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். பேசின விலை படிக்கட்டடியில் குறைவது பெரும்பாலும் அதனால்தான்.